தடம் விழாத அடி

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சொன்ன மகராசன் மட்டும் என் கையில் கிடைத்தால், எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வாரம் உட்கார வைத்திருப்பேன். இருபத்தேழு வருஷம் கட்டுப் போட்டவன் நான். பெயர் ஆவுடைநாயகம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். சாரல் விழுந்தால் வெளியூர்க்காரனுக்கு உடம்பு குளிரும். எங்கள் ஆட்களுக்குக் கை சூடேறும். மடை திறக்கிறதில் தகராறு, வரப்பு வெட்டினதில் தகராறு, அருவிக்கரையில் வண்டி அவிழ்த்துப் போட்டதில் தகராறு. மம்பட்டிக் காம்பு, நுகத்தடி, உலக்கை, எது கைக்கு அகப்படுகிறதோ அது. மண்டை பிளந்து ரத்தம் ஒழுக வருகிறவனை நான் பெரிதாக நினைப்பதில்லை. தைத்து, திட்டி, அனுப்பிவிடலாம். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மூச்சுப் பிடிச்சிருக்கு என்று ஒருவன் வருவான் பாருங்கள், அவனைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அந்தப் பயத்தை எனக்குள் போட்டவன் பலவேசம். எங்கள் எக்ஸ்ரே அறையில் இருந்தவன்.

அவன் ராயகிரிக்காரன். வாலிபத்தில் கம்பு எடுத்தால் நாலு பேர் கிட்டே வர முடியாது என்பார்கள். அந்தப் பெருமை எங்கே கொண்டு விடும்? கூலி அடிக்குத்தான். முப்பத்தொன்றாம் வருஷம், இலஞ்சியில் ஒரு பெரிய வயல்காரர் மடைத் தகராறுக்கு ஆள் பிடித்தபோது இவனும் வண்டி ஏறினான். எதிர்ப்பக்கம் நின்றவர்களில் அய்யாக்குட்டி என்று ஒருவர். முன்பின் அறியாத மனுஷன். பலவேசம் கம்பைச் சுழற்றி அவருடைய இடது விலாவில் ஒன்று வைத்தான். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். ரத்தம் இல்லை, தோலில் தடம்கூட இல்லை. மறுநாள் விடியும் முன்பே செத்துப் போனார். வீட்டில் மனைவியும் ஐந்து வயதுப் பையனும்.

ஏழு வருஷம் ஜெயில். உள்ளே ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளின் மலப் பீங்கான் கழுவுகிற வேலை கொடுத்தார்கள். கழுவினான், நோயாளியைத் தூக்கினான், வாயைத் திறக்காமல் இருந்தான். ஜெயில் டாக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. விடுதலையானதும் ஒரு கடிதம் கொடுத்து மதுரையில் ஒரு எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார். இருட்டறையில் படம் கழுவிக் கழுவி மெஷினையும் ஓட்டக் கற்றுக்கொண்டான். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து ஆஸ்பத்திரிகளைக் கலைத்தபோது ஏலத்தில் ஒரு எக்ஸ்ரே மெஷினை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாங்கிவிட்டார்கள். ஓட்ட ஆள் இல்லை. நாற்பத்தாறில் இவன் வந்து சேர்ந்தான். இந்தக் கதையெல்லாம் அவன் ஒருநாளில் சொன்னதில்லை. கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்ட மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வருஷம் சொன்னான்.

அய்யாக்குட்டியைப் பற்றி மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பான். "விலா ஒடிஞ்சு உள்ள குத்தியிருக்கு அண்ணாச்சி. நெஞ்சுக்குள்ள காத்தும் ரத்தமும் ரொம்பிப் போச்சு. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து ஒரு ஊசி குத்தி இறக்கியிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாரு. நான் அடிச்சது பாதி. மீதிய யாரும் பாக்கல." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போதும்யா, மனுஷன் கஞ்சி குடிக்க வேண்டாமா என்று எரிந்து விழுவேன். எழுந்து போவான்.

அவன் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எக்ஸ்ரே படத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம், இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் தெரியும். எது வலது, எது இடது என்று காட்ட ஈயத்தில் எழுத்து வார்த்து வைப்பார்கள். எங்கள் மெஷினோடு வரவேண்டிய அந்த எழுத்துகள் எந்த ரயிலில் தொலைந்ததோ. பலவேசம் அதற்குப் பதில் ஒரு பழைய காலணாவை நோயாளியின் வலது தோளில் வைத்துவிடுவான். படத்தில் காசு வெள்ளை வட்டமாக விழும். காசு இருக்கிற பக்கம் வலது. சண்டைக்காலத்தில் செம்புப் பஞ்சம் வந்து நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்ததே, அது அவனுக்கு ஆகாது. ராஜா தலை போட்ட முழுக் காசு ஒன்றைத்தான் சட்டைப்பையில் முடிந்து வைத்திருப்பான். ஒருநாள் வெற்றிலைக்குச் சில்லறை இல்லாமல் அதைக் கேட்டு நான் வசவு வாங்கியிருக்கிறேன்.

நாற்பத்தொன்பது ஆனி மாதம். காலை பத்து மணி இருக்கும். சாரல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இலஞ்சிப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி ஓட்டமாக வந்து நின்றது. வைக்கோலில் இருபத்துமூன்று வயசுப் பையன். மடையில் அடி. பக்கத்து வயல்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து மம்பட்டிக் காம்பால் துவைத்திருக்கிறார்கள். வலது மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது. வலது விலா முழுதும் நாவல்பழக் கறுப்பு. உதடு நீலம். மூச்சு மேல் மூச்சு வாங்குகிறான், ஒரு மூச்சும் உள்ளே போகிற மாதிரி இல்லை. கூடவே அவன் அம்மா, தாய்மாமன் கடற்கரை என்கிறவன், இன்னும் நாலைந்து பேர். ஆண்கள் எல்லார் கையிலும் கம்பு. கம்பை வெளியே வையுங்கடா என்று கத்தினேன். எவனும் கேட்கவில்லை.

பையன் பேர் என்ன என்று கேட்டேன். அந்த அம்மாள் சொன்னாள்: "நம்பிராஜன். இலஞ்சி அய்யாக்குட்டி மகன்."

எனக்குப் பின்னால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பலவேசத்தின் கை அப்படியே நின்றது. அந்த அம்மாள், சொக்கம்மாள், நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் ஆனாலும் கோர்ட்டுக் கூண்டில் பார்த்த முகம் மறக்குமா? பையன்மேல் குறுக்கே விழுந்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"இவன் தொடக்கூடாது. அப்பனக் கொன்ன கை, பிள்ளையத் தொடக்கூடாது."

கடற்கரை கம்பை உயர்த்தினான். பலவேசம் தலையைக் குனிந்து நின்றான். டாக்டர் பிச்சுமணி ஓடி வந்தார். சின்ன வயசு, எங்களிடம் வந்து எட்டு மாசம்தான். எக்ஸ்ரே எடுக்க இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது, எடுக்காவிட்டால் நான் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் குத்த வேண்டும் என்று சொன்னார். சொக்கம்மாள் விலகினாள். விலகினாளே ஒழிய கண்ணை எடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வினை. பையன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து. நெஞ்சின் மேலேயே கிடக்கிறது, படத்தில் மறைக்கும். பலவேசம் கத்திரியை எடுத்துக் கயிற்றை நறுக்கினான். எங்கள் பக்கத்தில் உடம்பிலிருந்து கயிற்றை எப்போது அறுப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுடுகாட்டுக்குத் தூக்குவதற்கு முன்னால். சொக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஒரு வார்த்தை பக்குவமாகச் சொல்லிவிட்டு அறுத்திருக்கலாம் அந்த மடையன். பேசிப் பழக்கம் இல்லையே.

அவன் ஃபிலிமைப் பெட்டியில் போட இருட்டறைக்குள் போனான். நான் பின்கட்டில் என்ஜினைக் கிளப்பப் போனேன். அந்த மெஷினுக்கு என்ஜின் ஓடினால்தான் கரண்டு. அந்த இரண்டு நிமிஷத்தில் சொக்கம்மாள் என்ன செய்தாள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பிறகு தெரிந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். இலஞ்சி குமாரர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, பையன் கையில் கட்டினாள். ஆண்பிள்ளைக்கு வலது கையில்தான் கட்டுவது. வலது கைதான் ஒடிந்து வீங்கிக் கிடக்கிறதே. அதனால் இடது கையில், தோளை ஒட்டி உயரக் கட்டினாள். கட்டி, பலவேசம் கண்ணில் பட்டால் இதையும் அறுப்பான் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

பலவேசம் வந்து தன் காலணாவைப் பையனின் வலது தோளில் வைத்தான். மெஷினைத் திருப்புகிற நேரம் பார்த்துப் பையன் மூச்சு முட்டி ஒரு துள்ளுத் துள்ளினான். நானும் கடற்கரையுமாக அமுக்கிப் பிடித்தோம். படம் எடுத்தாயிற்று. அந்தத் துள்ளலில் காலணா கீழே உருண்டதை எவனும் பார்க்கவில்லை.

இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைக் கொண்டு வந்தான். டாக்டர் அதை அவன் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெஞ்சின் ஒரு பாதி சரியாக இருந்தது. மறு பாதியில் மேலே வெறும் காற்று, கீழே ரத்தம், நுரையீரல் ஓரமாய்ச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெட்டுப்போன பாதியின் மேல் தோளில் வெள்ளையாய்க் காசு. வலது என்றார் டாக்டர். விலாவில் கறுப்பும் வலதில்தான். ஒடிந்த கையும் வலதுதான். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இருதயம் இடது பக்கம்தானே, அதை வைத்துத் தெரியாதா என்று படித்தவர்கள் கேட்பீர்கள். நானும் பிறகு கேட்டேன். இடது நெஞ்சில் ரொம்பின காற்று இருதயத்தை நெட்டி வலது பக்கம் தள்ளியிருந்தது. படத்தை மாற்றிப் பிடித்தால் அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிற மாதிரியே தெரியும். குழல் வைத்துக் கேட்டிருக்கலாம்தான். பின்கட்டில் என்ஜின் சத்தம், அறைக்குள் கூட்டத்தின் கூச்சல். டாக்டர் வைத்துப் பார்த்துவிட்டு எரிச்சலோடு கழற்றிப் போட்டார்.

பையன் கண் மேலே செருகிவிட்டது. டாக்டர் பெரிய ஊசியை எடுத்தார். நான் வலது விலாவில் அயோடின் தடவினேன். என் கையால்தான் தடவினேன். நல்லாயிருக்கிற ஒரே நுரையீரலையும் குத்திச் சுருட்டப் போகிறோம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பலவேசம் படத்தைத் தொங்கவிடப் போனவன், ஜன்னலண்டை நின்று ஒரு பார்வை பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். ஓடி வந்து ஊசி பிடித்த டாக்டர் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டான்.

"குத்தாதீங்க. கெட்டது இடது பக்கம்."

டாக்டர் உதறினார். அவன் விடவில்லை. கடற்கரை பார்த்தது என்ன? தன் மச்சானைக் கொன்றவன், மருமகனுக்கு வைத்தியம் செய்கிற டாக்டர் கையைப் பிடித்து நிறுத்துகிறான். பிள்ளையையும் முடிக்கப் பாக்கான் என்று ஒரு சத்தம் போட்டு, கம்பை ஓங்கிப் பலவேசத்தின் விலாவில் இறக்கினான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. விறகு உடைகிற சத்தம்தான், வேறொன்றுமில்லை. இரண்டாவது அடி முதுகில். மூன்றாவது பிடரியில் விழுந்தது. நான் குறுக்கே போய் என் தோளில் ஒன்று வாங்கினேன். இன்றைக்கும் சாரல் காலத்தில் அது வலிக்கிறது.

பலவேசம் நினைத்திருந்தால் அந்தக் கம்பை ஒற்றைக் கையால் பிடுங்கியிருப்பான். ராயகிரிக் கம்புக்காரன் அவன். ஒரு கை டாக்டர் மணிக்கட்டில், மறு கையில் படம். இரண்டையும் விடவில்லை. வாயில் ரத்தத்தோடு ஒன்றே சொன்னான்.

"காசப் பாருங்க. நடுவுல ஓட்டை இருக்கு. என் காசுல ஓட்டை கிடையாது."

டாக்டர் படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தோளில் விழுந்திருந்தது வட்டம் இல்லை, வளையம். நடுவில் கறுப்பாய் ஓட்டை. இந்தக் காசு எங்கேயிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டார். சொக்கம்மாள் மெள்ள முன்னால் வந்தாள். போர்வையை விலக்கினாள். இடது தோளை ஒட்டி மஞ்சள் துணி. அவிழ்த்தாள். உள்ளே ஓட்டைக் காலணா. துணி படத்தில் விழாது, காசு விழும். நான் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தேன். பலவேசத்தின் முழுக் காசு சுவரோரமாய்க் கிடந்தது.

டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. சுற்றி வந்து, ஒரு தடம்கூட இல்லாத இடது விலாவில் ஊசியை இறக்கினார். உஸ் என்று காற்று வந்தது. சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி அப்படி ஒரு சத்தம். அப்புறம் குழாய் வைத்தோம், ரத்தம் பாட்டிலில் இறங்கியது. அரைமணியில் பையன் உதடு நிறம் திரும்பியது. தண்ணீர் கேட்டான்.

பலவேசம் தரையில் உட்கார்ந்திருந்தான். எழுப்பினேன். ஒண்ணுமில்ல அண்ணாச்சி, மூச்சுப் பிடிச்சிருக்கு என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரிடம் சொல்கிறாய் இந்த வார்த்தையை என்று அவனை இழுத்துக்கொண்டு போய் அவன் மெஷினிலேயே கிடத்தினேன். எந்தப் பித்தானை அமுக்குவது என்று அவனே படுத்தபடி சொல்லிக்கொடுத்தான். அமுக்கப் போனேன். "காசு வச்சீங்களா" என்றான். வைத்திருக்கவில்லை. அந்த நிலையிலும் என்னை முறைத்தான். மூன்று விலா முறிவு. நல்லவேளை, உள்ளே குத்தவில்லை. நம்பிராஜன் கிடந்த வார்டில் இடமில்லாமல் வெளித் தாழ்வாரத்தில் அவனுக்குக் கட்டில் போட்டேன். போலீஸ்காரர் வந்து கேட்டதற்கு, இருட்டறைப் படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டான். கடற்கரை அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

பதினான்காம் நாள் நம்பிராஜனை வீட்டுக்கு அனுப்பினோம். வண்டியில் ஏற்றியாயிற்று. நான் தாழ்வாரத்தில் பலவேசத்தின் நெஞ்சுக்கட்டைப் பிரித்துப் புதிதாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். சொக்கம்மாள் வந்து நின்றாள். அத்தனை நாளும் அவனைத் தாண்டித்தான் உள்ளே போவாள், வருவாள். ஒரு வார்த்தை பேசினதில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் போலும் என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீ அடிச்ச பெறவு அவுக நடந்துதான் வீட்டுக்கு வந்தாக. நெஞ்ச அடைக்குதுன்னாக. ரத்தத்தக் காணோம், ஒரு தடத்தக் காணோம். நாந்தான் மோரக் குடுத்துப் படுக்கச் சொன்னேன். உக்காந்துக்கிடுதேன்னாக. நாந்தான் பிடிச்சுப் படுக்க வச்சேன். பக்கத்துலயே நானும் படுத்துத் தூங்கிட்டேன்." மகன் கிடந்த வண்டிப் பக்கம் பார்த்தாள். "அன்னைக்கே இங்கன கொண்டாந்து, இப்படி ஊசி குத்தியிருந்தா, அவுக பிழைச்சிருப்பாகளா?"

பதினெட்டு வருஷமாக இவள் சுமந்தது இதுதானா! பலவேசம் அவளைப் பார்த்தான். என்னையும் ஒருதரம் பார்த்தான். இதற்குப் பதில் என்ன என்று எனக்கு நூறு தடவை சொன்னவன் அவன்.

"பிழைச்சிருக்க மாட்டாரு தாயி" என்றான். "ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு அடிச்சிருந்தாலும் செத்திருப்பாரு. நான் அடிச்ச அடி அப்படி."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பம் முழுசும் நீதான்."

"ஆமா தாயி. முழுசும் நாந்தான்."

அவள் குனிந்து தாழ்வாரத்துக்குக் கீழே இருந்து ஒரு கை ஈரமண்ணை அள்ளினாள். அவன்மேல் வீசினாள். நான் கட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியிலெல்லாம் மண். நீ நாசமாப் போவ என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அப்படியே திரும்பிப் போய் வண்டியில் ஏறி மகன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டி இலஞ்சி ரோட்டில் திரும்புகிறவரை அவள் அழுகிற சத்தம் கேட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. எதையாவது ஒன்றைச் சொல்லித் திட்டினால்தான் அடங்கும். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மண்ணைத் தட்டிவிட்டு, வேறு துணி எடுத்து வந்து, அவனுடைய விலாவைச் சுற்றி முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தேன்.